இடக்கால் செருப்பாகவே செய்துகொண்டிருக்கிறேன். இது புண் ஆறுவதா, புண்ணைக் கிண்டுவதா?

கல்லடிக்காற்று

இங்கே வாசித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒரு கீற்று மணல். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா (பௌர்ணமி) தினம். எனக்கு 12 வயது, தம்பிக்கு 8. அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன், கேட்கவும் வேண்டாம். அம்மா, அப்பா, நான் மிஞ்சினோம். தம்பியின் உடல் கிடைக்கவில்லை. நாலாம் நாள் அப்பா தேடிப் போன இடத்தில் அவனுடைய பாட்டாச் செருப்பு ஒன்று மட்டும் சேற்றுக்குள் கிடந்தது. இடக்கால், நீல வார். பிறகு முகாம், முகாமிலிருந்து தற்காலிகக் கொட்டில், கொட்டிலிலிருந்து இப்போதைய வீடு என்று மாறி மாறிப் போனதில் அதுவும் தொலைந்துவிட்டது.

இப்போது ஒரு திணைக்களத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். ஒரு மகன். போன வருடம் அவனுக்கு 8 நடந்தது. பாடசாலையில் களிமண்ணால் பழங்கள் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மாம்பழம், வாழைப்பழம், அன்னாசி என்று இரவு ஒன்பது மணிவரை இரண்டு பேரும் உருட்டினோம். (அன்னாசி பலாப்பழம் மாதிரி வந்தது.) அவன் படுத்த பிறகு மிஞ்சிய களியைப் பையில் போடப் போனேன். போடவில்லை. கை ஒரு துண்டைத் தட்டையாகத் தட்டியது, பெருவிரல் பக்கத்தை வளைத்தது, இரண்டு வார் உருட்டி ஒட்டியது. பார்த்தால் செருப்பு. அளவுக்கு எதையும் வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் என் கையை விரித்து அதன் மேல் வைத்தால் நடுவிரல் நுனிக்கு அப்பால் இரண்டு விரல் அகலம் மிஞ்சியது. அதுதான் அவனுடைய அளவு, எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து இதுவரை 41. எல்லாம் இடக்கால். குசினி யன்னல் விளிம்பு நிறைந்து இப்போது அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டன. என் கணவர் ஒன்றும் கேட்கமாட்டார். மழை வந்தால் யன்னலைச் சாத்த இரண்டு செருப்பைத் தள்ளிவைப்பார், மழை விட்டதும் பழையபடி வைத்துவிடுவார். அம்மா எங்களோடுதான் இருக்கிறா. அவற்றைத் தாண்டித்தான் தேத்தண்ணி ஊற்றப் போகிறா. ஒரு வார்த்தை இல்லை.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். செய்த இரவு நல்ல நித்திரை வருகிறது. ஆனால் அடுத்த இரண்டு நாள் நெஞ்சுக்குள் ஈரச் சாக்கு கிடக்கிற மாதிரி, மகன் மேல் எரிந்து விழுகிறேன். இது எனக்கு நல்லதா, கெட்டதா? இரண்டாவது, ஒரு சிநேகிதி படம் எடுத்து யாருக்கோ காட்டி, டிசம்பரில் சுனாமி நினைவுக் கண்காட்சிக்கு எல்லாவற்றையும் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். கூடவே 'உங்கள் கதையை அரைப் பக்கத்தில்' எழுதித் தரட்டுமாம். அந்த அரைப் பக்கம் எனக்கு ஏலாமல் கிடக்கிறது. மூன்றாவது சின்ன விஷயம், காயும்போது வார் வெடிக்கிறது. பாதிக்கு மேல் அப்படித்தான் போகிறது.

படுவான்கரை

வாசித்தேன் தங்கச்சி. உடனே எழுத ஒன்றும் வரவில்லை. நாளைக்கு வாறன்.

சும்மாஒருத்தன்

அக்கா, கண்காட்சிக்குக் கொடுக்காதீர்கள். முடிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். நான் திருக்கோவில் பக்கம். அப்போது 10 வயது. முகாமுக்குக் கிழமைக்கு ஒரு அமைப்பு வரும், வெள்ளை வேனில். தரப்பாளுக்குக் கீழே பாய் விரித்து எங்களை இருத்தி, ஆளுக்கொரு தாளும் பென்சிலும் தந்து 'மனதில் வருவதை வரையுங்கள்' என்பார்கள். நான் முதலில் ஒரு ஓட்டோ வரைந்தேன். எனக்கு ஓட்டோ பிடிக்கும். பக்கத்தில் இருந்தவன் அலை வரைந்தான், தென்னை மரத்துக்கு மேலே அலை, அதற்குள் ஆட்கள். வந்த அக்காமார் எல்லாரும் அவனைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். அவனுக்கு 24 நிறப் பெட்டி. எனக்கு 12.

அடுத்த கிழமை நானும் அலை வரைந்தேன். அதற்கடுத்த கிழமை இன்னும் பெரிதாக. நான் அலையைக் கண்ணால் கண்டதே இல்லை, அன்று மாமா வீட்டில் அக்கரைப்பற்றில் நின்றேன், கரையிலிருந்து உள்ளே தள்ளி. ஆனாலும் 24 நிறப் பெட்டி இரண்டு சேர்த்துவிட்டேன். பிறகு நடந்ததுதான் பகிடி: காணாத அலை இரவில் கனவில் வரத் தொடங்கியது.

எங்கள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சனம் போனது. இலங்கையிலேயே கூடச் செத்தது எங்கள் கரையில்தான். மிஞ்சிய எங்களுக்குக் கொஞ்சம் சோறும் கொஞ்சம் அமைதியும் தந்திருந்தால் போதும். வலியை வரை, வலியைக் காட்டு என்று எங்களைப் பழக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

வெள்ளைச்சுவர்

நான் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன், மட்டக்களப்பில்தான். சும்மாஒருத்தன் சொல்வதை மறுக்க வரவில்லை. அப்படி நடந்தது. நெருக்கீடு நடந்த கையோடு ஆட்களை இருத்தி எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013 வழிகாட்டியில் சொல்லிவிட்டது. சிலருக்குத் தீமைகூடச் செய்யும்.

ஆனால் கல்லடிக்காற்றின் கதை வேறு. இருபது வருடத்துக்குப் பிறகு, யாரும் கேளாமல், தன் குசினியில், தன் கையால். இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது.

முதல் கேள்விக்கு வருகிறேன். செய்தபின் இரண்டு நாள் கனக்கிறது என்பது புதிதல்ல. 1986இல் ஜேம்ஸ் பெனிபேக்கர், சாண்ட்ரா பீல் என்று இரண்டு பேர் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். அடுத்தடுத்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். எழுதி எழும்பும்போது அவர்களுக்கு மனம் முன்னைவிட மோசமாக இருந்தது. அடுத்து வந்த மாதங்களில் வைத்தியரிடம் போன தடவைகள் மற்றவர்களைவிடக் குறைவு. என்ன நடந்தது என்பதையும் அப்போது என்ன உணர்ந்தேன் என்பதையும் சேர்த்து எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. பிறகு நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சின்னது என்று வந்தது. ஆக, மந்திரம் இல்லை. வீணும் இல்லை.

நான் பார்க்கிற இடம் வேறு. கனம் இரண்டு நாளில் இறங்குகிறதா, இல்லை ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டு போகிறதா? வேலைக்குப் போக ஏலாமல் இருக்கிறதா? நித்திரை கிழமைக்கணக்கில் கெடுகிறதா? செத்தால் நல்லது என்ற எண்ணம் எட்டிப் பார்க்கிறதா? இதில் ஒன்றுக்கு ஓம் என்றாலும் களியை மூடி வைத்துவிட்டு ஒரு வைத்தியரிடம் போங்கள். இரவில் யாரும் இல்லாவிட்டால் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல உதவி இலக்கம். மனவடுவுக்கென்றே செய்யப்படும் அறிகை நடத்தைச் சிகிச்சைக்குத்தான் ஆய்வுச் சான்று அதிகம். களி அதற்குப் பதில் இல்லை, கூட இருக்கலாம்.

ஒரு சின்ன யோசனை. படுக்கப் போகும் நேரத்தில் செய்யாமல் பின்னேரத்தில் செய்துபாருங்கள், அரைமணி நேரம் என்று வைத்து. முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு உடனே ஒரு சாதாரண வேலை. தேங்காய் திருவுவது, உடுப்பு மடிப்பது.

சும்மாஒருத்தன்

'அறிகை நடத்தைச் சிகிச்சை'க்கு எங்கள் ஊரிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும் அக்கா?

வெள்ளைச்சுவர்

நியாயமான கேள்வி. இரண்டு. சில இடங்களிலிருந்து மூன்று.

புளியந்தீவு

வேனில் வந்தவர்கள் எல்லாரையும் ஒரே சாக்கில் கட்டாதே தம்பி. சுனாமிக்கு முன்பே, சண்டைக்கு நடுவில், 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஆரம்பித்தார்கள். கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபையின் போல் சற்குணநாயகம் அடிகளாரும். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து ஒரே தோட்டத்தில் விடுவார்கள். 1990இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்ததெல்லாம் தெரிந்த ஊரில் அது சின்ன விஷயமா? களி, நிறம், பாட்டு, கதை, மரம், மிருகங்கள். ஒரு நாள் வந்து படம் பிடித்துவிட்டுப் போகிற வேலை இல்லை, கிழமை கிழமையாகப் பிள்ளைகள் வருவார்கள். என் மச்சாள் போனவள். உனக்கு என்ன நடந்தது என்று அவளிடம் அங்கே ஒருவரும் கேட்கவில்லையாம். அவள் இன்னும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'சேத்துக்குள்ள விளையாட விட்டாங்க, அம்மா ஏசல்ல.'

சும்மாஒருத்தன்

அப்போ பிந்திப் பிறந்தது என் குற்றம். சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

மருதமுனைத்தறி

எல்லாருக்கும் ஸலாம். நான் இந்த 'கலை' என்ற சொல்லிலேயே முரண்படுகிறேன்.

என் வாப்பாவும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் போனார். கிடைத்தார், அடக்கினோம். அல்ஹம்துலில்லாஹ், அந்த அளவுக்கு எங்களுக்கு இருந்தது. உம்மா இத்தா இருந்தா, கணவனை இழந்தவ வீட்டோடு இருக்கும் காலம், நாலு மாதமும் பத்து நாளும். வெளியே போக ஏலாது. வீட்டுக்குள்ளே தறி இருந்தது, பாதி நெய்த சாரத்துப் பாவும் அதிலேயே இருந்தது. மூன்றாம் கிழமை ஒரு சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நாடா ஓடுகிற சத்தம் கேட்டு எழும்பினேன். உம்மா மிதியில் காலை வைத்து நெய்துகொண்டிருந்தா. அழவில்லை, கதைக்கவில்லை. டக், டக். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் நாங்கள் பிள்ளைகள் வாய் திறந்து சாப்பாடு கேட்டோம்.

அவ செய்தது தொழில். எங்கள் ஊரில் அரைவாசிப் பேர் செய்த தொழில். அதற்கு ஒரு பெரிய பெயர் வைத்து, மனவடு, கலை, வெளிப்பாடு என்று சொன்னால் அவவுக்கே விளங்காது. கைக்கு வேலை இருந்தது, நாள் போனது, இத்தா முடிந்தது, சாரம் விற்றோம். மனிதர் இப்படித்தான் தேறிவருவார்கள். செருப்புச் செய்கிற தங்கச்சியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். செய்யுங்கள், ஆனால் 'இது எனக்கு என்ன செய்கிறது' என்று தோண்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

இன்னொன்று. அந்த நாலு மாதத்தில் நெய்ததில் மூன்று சாரம் கட்டம் பிழைத்துவிட்டது. பச்சை வர வேண்டிய இடத்தில் கறுப்பு, கணக்கே இல்லாமல். முதலாளி எடுக்கவில்லை. அதை உம்மா உடுக்கவும் விடவில்லை, வெட்டவும் விடவில்லை. இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது.

படுவான்கரை

மருதமுனை அக்கா, தொழில் மட்டும்தான் என்றால் அந்த மூன்றையும் ஏன் வைத்திருக்கிறா?

மருதமுனைத்தறி

சரி. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. உம்மாவிடம் கேட்கவும் மாட்டேன்.

படுவான்கரை

கேட்கவேண்டாம் அக்கா. நான் எழுத வந்ததும் அதைப் பற்றித்தான்.

எங்கள் அப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்குகிறவர். வாவிக்கு மேற்கே, பெயர் வேண்டாம். 1990இல் மூத்த அண்ணனைக் கொண்டுபோனார்கள், வரவில்லை. அவனுக்கு 19. எங்கள் அப்பா அழுததை நான் வீட்டில் பார்க்கவே இல்லை. அம்மா மட்டும்தான் போட்டோவைத் தூக்கிக்கொண்டு திரிந்தா.

பல வருடம் ஊரில் கூத்து இல்லை. பிறகு சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலத்தில் பெரியவர்கள் கூடி வடமோடிக் கூத்தில் அபிமன்யு கதையைப் போடுவோம் என்றார்கள். சட்டம் (பாட்டுப் பிரதி) கொடுத்து, சதங்கை அணிந்து, மாதக்கணக்கில் பழகினோம். சுபத்திரையாக ஆட ஆள் இல்லை. பொடியன்கள் கொஞ்சப் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள், அவர்களுக்கும் பொம்பிளை வேஷம் வெட்கம். அண்ணாவியாரே ஆடுகிறேன் என்றார். எல்லாரும் சிரித்தோம். ஐம்பத்தைந்து வயது, முன்பல் இல்லை.

அரங்கேற்றத்தன்று அம்மாவின் கூறைச் சேலையைத்தான் உடுத்தார். அம்மாவே பின் குத்திவிட்டா. விடியப்புறம் மூன்று மணி இருக்கும், களரியில் (கூத்தாடும் களத்தில்) சனம் பாதி தூக்கம். மகன் செத்த செய்தி கேட்டுச் சுபத்திரை புலம்பும் இடம். மத்தளம் மெதுவாகியது. அப்பா பாடத் தொடங்கினார். சட்டத்தில் இருந்த பாட்டுத்தான், ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் 'மகனே' என்று வரும் இடத்தில் தாளத்தை விட்டுவிட்டு நின்றார். சல்லாரி (தாளம்) தட்டுகிறவர் நிறுத்தவில்லை, அவர் வரும்வரை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சனம் எல்லாம் எழும்பி உட்கார்ந்துவிட்டது. பிறகு அவர் விட்ட இடத்தில் பிடித்துப் பாடி முடித்தார்.

அவர் ஆருக்காக அழுகிறார் என்று அந்தக் களரியில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. காலையில் முகத்துப் பூச்சைக் கழுவிவிட்டு வெள்ளாமை பார்க்கப் போனார். வழியில் கண்டவர்கள் 'சுபத்திர நல்லா இருந்திச்சு' என்றார்கள். அவ்வளவுதான். அப்படி அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் அன்று தங்கள் பிள்ளைக்காக அழுதுவிட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது, சுபத்திரைக்காக அழுகிற சாட்டில்.

தங்கச்சி, உங்களிடம் கேட்ட அந்த அரைப் பக்கம் இருக்கிறதே, அதை எங்கள் அப்பாவிடம் யாராவது கேட்டிருந்தால் அவர் அன்று ஆடியிருக்கமாட்டார். கூத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து 'இவரின் மகன் 1990இல்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் அத்தோடு சரி. செருப்பு என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லட்டும். மிச்சம் உங்களுடையது.

அப்புறம் இன்னொன்று, வைகாசியில் கண்ணகை அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு பார்த்திருப்பீர்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவள். அவளிடம் போய் நியாயமா பிழையா என்று நாங்கள் கதைப்பதில்லை, மறந்துவிடு தாயே என்றும் கேட்பதில்லை. பாடிப் பாடித் தண்ணீர் தெளித்துக் குளிரவைக்கிறோம். அடுத்த வருடம் மறுகாலும் செய்கிறோம். போன வருடம் குளிர்ந்தாளே, இனி எதற்கு என்று பூசை செய்யும் ஒரு கப்புகனாரும் கேட்டதில்லை. 41 செருப்பு கூடிப்போச்சு என்று உங்களுக்குத் தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சும்மாஒருத்தன்

இதை வாசித்துவிட்டு ஓட்டோவை ஓரமாக நிறுத்தினேன்.

(நான் பெயர்ப்பலகை எழுதுகிறவன். ஓட்டோ பின்பக்கமும் எழுதுவேன். வாடிக்கையாளர் கடல் படம் கேட்டால் மட்டும் என் உதவியாளன் செய்வான். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று தெரியவில்லை.)

சித்திரபாடவாத்தியார்

ஓய்வுபெற்ற சித்திரபாட ஆசிரியன், களுவாஞ்சிகுடி. பிந்தித்தான் இழையைக் கண்டேன்.

மகள், நீங்கள் படம் எதுவும் போடவில்லை. போடச் சொல்லி நானும் கேட்கமாட்டேன். ஆனால் ஒரே பொருளை 41 தடவை செய்தது எனக்குப் பழக்கமான விஷயம் என்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கேத்தே கொல்விட்ஸ் என்று ஒரு கலைஞர். 1914 ஒக்டோபரில் அவருடைய இளைய மகன் பீட்டர் பெல்ஜியத்தில் போர்முனையில் செத்தான். வயது 18. வயது காணாத பிள்ளைக்குத் தகப்பன் சம்மதம் தேவைப்பட்டது, தகப்பனைச் சம்மதிக்கவைத்ததே அந்தத் தாய்தான். அவனுக்கு ஒரு நினைவுச் சிலை செய்ய உடனே தொடங்கினார். செய்தார், பிடிக்கவில்லை, கைவிட்டார், வருடங்கள் கழித்து மறுபடி தொட்டார். கடைசியில் 1932இல்தான் கல்லறைத் தோட்டத்தில் வைக்க முடிந்தது. 18 வருடம். பிள்ளை வாழ்ந்த அளவு காலம். முதலில் மகனின் உருவத்தைத்தான் செய்ய நினைத்திருந்தார். முடிந்தபோது அதில் மகன் இல்லை. தாயும் தகப்பனும் முழந்தாளில் இருக்கிறார்கள், தனித்தனியாக, ஆளை ஆள் பார்க்காமல்.

சிலியில் 1973 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணியின் மேல் கந்தல் துண்டுகளை வைத்துத் தைத்துப் படம் செய்தார்கள். ஆர்பியேரா என்று பெயர். சிலர் காணாமற்போனவரின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டித் தைத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை இடம் கொடுத்தது, விற்கவும் உதவியது. மருதமுனைச் சகோதரி சொன்ன தொழிலும் அதில் இருந்தது, வீட்டில் அடுப்பெரிய அந்தக் காசு வேண்டும். அதே துணி வெளிநாடு போய் இராணுவ ஆட்சியில் என்ன நடக்கிறது என்றும் சொல்லியது. இங்கே மட்டக்களப்பில் வாசுகி ஜெயசங்கர் பெண்களின் வலியைப் பல வருடமாக வரைகிறார். ஆக, வெளியே காட்டுவதே பிழை என்று சும்மாஒருத்தன் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். காட்டத்தான் வேண்டும் என்று சில வலிகள் கேட்கும். அந்தத் தாய்மாருக்கு ஆள் எங்கே என்ற கேள்வி இருந்தது. பதில் சொல்ல வேண்டியவர்கள் இருந்தார்கள். கடலிடம் யார் கேட்பது?

வகுப்பில் 31 வருடம் நின்றவன் என்ற முறையில் ஒரு கசப்பான விஷயமும் சொல்கிறேன். வலியிலிருந்து வந்தது எல்லாம் நல்ல கலை ஆகாது. ஆகவேண்டியதும் இல்லை. கண்காட்சியில் வைத்தால் யாரோ ஒருவர் வந்து 'வார் தடிப்பு, பாதம் சரியில்லை' என்பார். அதைக் கேட்க மனம் இருந்தால் கொடுங்கள்.

சூளை

எல்லாரும் மனதைப் பற்றிக் கதைக்கிறீர்கள், அந்தப் பிள்ளை வார் வெடிக்கிறது என்று கேட்டு ஆறு நாள் ஆச்சு.

எங்கள் குடும்பமே சட்டி பானை செய்கிறவர்கள். வார் மெல்லிசு, அடி தடிப்பு. மெல்லிசு முதலில் காயும், காயும்போது சுருங்கும், அடி இன்னும் ஈரமாக அசையாமல் கிடக்கும். இழுபட்டு வெடிக்காமல் என்ன செய்யும்? வாரைக் கொஞ்சம் தடிப்பாக உருட்டுங்கள். அடியும் வாரும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது ஒட்டுங்கள், நேற்றைய அடியில் இன்றைய வாரை ஒட்டக்கூடாது. ஒட்டும் இடம் இரண்டையும் ஊசியால் கீறி, களியைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாகத் தடவி அழுத்துங்கள். வாருக்குக் கீழே பேப்பரைக் கசக்கி வையுங்கள், வார் தொய்யாது, சுருங்கும்போது பேப்பரும் அமுங்கிக் கொடுக்கும். பிறகு ஷொப்பிங் பேக்கால் மூடி நாலு நாள் நிழலில். யன்னலில் வைத்தால் காற்றுப் பட்ட பக்கம் முந்திக் காயும், அதுதான் உங்கள் பிரச்சினை. களியோடு கொஞ்சம் அரித்த மணலும் சேர்க்கலாம்.

சுட்டீர்களா? சுடாத களி தண்ணீர் பட்டால் கரைந்துபோகும், தெரியும்தானே.

கல்லடிக்காற்று

சுடவில்லை. தெரியும். சுட வேண்டுமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

எல்லாருக்கும் நன்றி. படுவான்கரை அண்ணன் எழுதியதை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். மெதுவாக ஒவ்வொருவருக்கும் எழுதுகிறேன்.

கல்லடிக்காற்று

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன்.

கண்காட்சிக்காரர்களிடம் அரைப் பக்கம் இல்லாமல் செருப்பு மட்டும் தரலாம் என்றேன். கதை இல்லாவிட்டால் பார்க்க வருகிறவர்களுக்கு விளங்காது என்றார்கள். அப்படியென்றால் வேண்டாம் என்றுவிட்டேன். கோபமாகச் சொல்லவில்லை. அவர்களும் நல்லவர்கள்தான்.

வெள்ளைச்சுவர் அக்கா சொன்ன மாதிரி பின்னேரத்துக்கு மாற்றினேன். கனம் வருகிறது, ஆனால் ஒரு நாளோடு இறங்குகிறது. மகன் மேல் எரிந்து விழுவது குறைந்திருக்கிறது, அவனைக் கேட்டால் இல்லை என்பான்.

பின்னேரத்துக்கு மாற்றியதில் இன்னொன்று நடந்தது. அந்த நேரம் அம்மா குசினியில்தான் இருப்பா. போன செவ்வாய் நான் வாருக்குக் கீழே பேப்பர் வைத்துக்கொண்டிருந்தேன், அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா. தலையை நிமிர்த்தாமலே சொன்னா: 'மற்றக் காலுக்குத்தான் புள்ள ஊசி குத்தியிருந்த.'

எனக்கு முதலில் விளங்கவில்லை.

வலக்கால் பாட்டாவில் வார் அறுந்துவிட்டதாம். அடியில் குமிழ் கழன்று கழன்று வரும், அதற்குக் கீழே ஒரு கவ்வூசி குத்தி விட்டிருந்தாவாம். எல்லா வீட்டிலும் செய்வதுதான். தம்பி புதுச் செருப்புக் கேட்டுச் சிணுங்கினானாம். 'பொங்கலுக்கு வாங்கித் தாறன் எண்டு சொன்னன். பதினைஞ்சு நாள், இருபது நாள்தானே இருந்திச்சு.' அப்படியே இலையை ஆய்ந்துகொண்டே சொன்னா. 'ஓடுற நேரம் ஊசி கழண்டிருக்கும்.'

அவ இத்தனை வருடமும் வலக்காலோடு இருந்திருக்கிறா. நான் இடக்காலோடு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சக் களியை உருட்டி அவ பக்கமாக மேசையில் தள்ளினேன். அவ அதைத் தொடவில்லை. கையில் முருங்கையிலை ஈரம் என்றா. ஆனால் நான் வலக்காலைச் செய்யத் தொடங்கியதும் வந்து பக்கத்தில் நின்று, பெருவிரல் பக்கம் இன்னும் தேய்ந்திருக்க வேணும் என்று சொன்னா. அழுத்தினேன். 'இன்னும்' என்றா.

அது இப்போது ஷொப்பிங் பேக்குக்குள் காய்கிறது, மூன்றாம் நாள். சூளை அண்ணனிடம் ஒரு கேள்வி. இதை மட்டும் சுட நினைக்கிறேன். அடியில் ஒரு கவ்வூசி குத்த வேண்டும், உண்மையான ஊசி. ஈரமாக இருக்கும்போதே குத்தட்டுமா?

மருதமுனைத்தறி

உம்மாவிடம் கேட்கமாட்டேன் என்று எழுதினேன். இன்று அந்தப் பெட்டியை வெயிலில் வைக்கிற சாட்டில் திறந்தேன். அதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன் தங்கச்சி.

சூளை

ஈரத்தில் குத்தாதீர்கள். களி சுருங்கும், ஊசி சுருங்காது, அதைச் சுற்றி வெடித்துவிடும். இப்போதே ஊசியைவிடக் கொஞ்சம் பெரிய துளை மட்டும் போட்டுவிடுங்கள், ஈர்க்கால் குத்தினால் போதும். மூன்றாம் நாள் என்றால் இன்னும் துளை விழும், ஆனால் இன்றைக்கே செய்யுங்கள். காய்ந்து, சுட்டு, ஆறிய பிறகு ஊசியைக் கோர்க்கலாம்.

சுடுவதற்கு உமியும் தென்னம் மட்டையும் போதும், குழி வெட்டி மெதுவாக எரிக்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும், இன்னும் ஒரு கிழமையாவது காயட்டும். தனியாகச் செய்யத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், எங்கள் சூளை மாதத்துக்கு இரண்டு தடவை எரியும். சட்டிகளுக்கு நடுவில் ஒரு செருப்புக்கு இடம் இருக்கும்.